எட்டு நீலம்

இருமுகிறவர்களைப் பற்றி எனக்குப் பயமில்லை.
அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.
டோக்கன் எண்ணைச் சொல்லிச் சண்டை போட
நெஞ்சில் காற்று மிச்சமிருக்கிறது.

மஞ்சூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
மருந்து கொடுக்கும் சன்னல் ஒரு முழ அகலம்.
முகங்களைவிடக் கைகளே தெரியும்:
தேயிலைக் கறை ஏறிய கட்டைவிரல்,
கேரட் கழுவிக் கழுவி வெளுத்த நகம்.
நீட்டும் கையில் ஒரு நீல இன்ஹேலர் வைப்பேன்,
கூடவே ஓர் ஆரஞ்சு.
நீலம் இந்த நிமிஷத்துக்கு.
ஆரஞ்சு நாளைக்கு.
நாளை என்பதை இங்கே யாரும் பெரிதாக நம்புவதில்லை;
ஆரஞ்சுகள் சாமி படத்துக்குப் பின்னால்
சீல் உடையாமல் இருக்கும்.

மார்கழியில் புது டாக்டர் நஸ்ரின் கேட்டார்:
"அடுத்து யாருக்கு முட்டப்போகிறதென்று
முட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டும்.
உங்கள் பதிவேடு கிடைக்குமா?"

என் பதிவேடா?
ஆடிட்டுக்கு மட்டும் திறப்பது.
ஒரு மூலையை எலி தின்றிருக்கிறது.

மூன்று இரவு உட்கார்ந்தேன்.
வருஷத்துக்கு மூன்று நீலத்துக்கு மேல் என்றால் சிவப்புப் புள்ளி.
ஆரஞ்சே வாங்காவிட்டால் இன்னொன்று.
நள்ளிரவில் நெபுலைசர், ஊட்டிக்கு ஆம்புலன்ஸ் என்றால்
பெயரைச் சுற்றி வட்டம்.
மேல்குந்தா லிங்கி, நான்கு.
ஃபேக்டரியில் தூள் சலிக்கும் தேவசகாயம், ஐந்து.
இரண்டாம் டிவிஷன் யோகேஸ்வரி,
எட்டு.
ஆரஞ்சு பூஜ்யம்.

ஒரு நீலத்தில் இருநூறு இழுப்பு.
பெருக்கிப் பார்த்தேன்.
பெருக்கியிருக்கக் கூடாது.

போன் எல்லைக்கு வெளியே. ஒன்பது மணி பஸ்ஸில் போனேன்.
வழியில் தைலம் காய்ச்சும் கொட்டகை:
சளிக்கென்று ஊரே பாட்டிலில் வாங்கும் வாசனைதான்,
ஈர விறகின் புகையோடு வந்தபோது
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

யோகேஸ்வரி இரண்டு குடத்தோடு
மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்,
நாயை வைதபடி.
ஊதச் சொன்னேன்.
மீட்டர் முள் நானூறைத் தாண்டிப் போனது.
"எட்டும் எங்கேம்மா?"

அவள் குடத்தை இறக்கினாள்.
லயத்தின் கடைசி வீட்டைப் பார்த்தாள்.

புத்னி.
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவள்.
படுக்க முடியாமல் நிலைப்படியில் முன்னால் சாய்ந்து
இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள்.
அவளுக்குத் தெரிந்த ஐந்தாறு தமிழ்ச் சொற்களில்
மூச்சு இல்லை.
உள்ளங்கையை நெஞ்சில் வைத்து
மெதுவாக மூடிக் காட்டினாள்.

"சீட்டுப் போட ஏதோ நம்பர் கேட்டீங்களாம்.
திரும்பி வந்துட்டா.
சன்னல்ல நீங்கதானே இருப்பீங்க?"

நானாகத்தான் இருக்கும்.
சன்னல் ஒரு முழ அகலம்.

முள் நூற்றைம்பதில் நின்றுவிட்டது.
சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஓடினேன்.
ஆம்புலன்ஸுக்கு இடம் சொல்வதற்குள்
எனக்கும் இளைத்தது;
எதிர்முனையில் இருந்தவர்
நோயாளி நான்தானா என்று கேட்டார்.

ஊட்டியில் நான்கு நாள். வந்துவிட்டாள்.
முதல் ஆரஞ்சின் சீலை நானே உடைத்துக் கொடுத்தேன்,
இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டுமென்று
கையால் நடித்துக் காட்டினேன்.
யோகேஸ்வரி சிரித்தாள். புத்னியும், கொஞ்சம்.

பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்:
பெயர் புத்னி. வயது சுமார் இருபத்திரண்டு.
நம்பர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
ஆடிட்டில் கேட்பார்கள், கேட்கட்டும்.

பனி விழ இன்னும் இருபது நாளாவது உண்டு.
சிவப்புப் புள்ளி வைத்த எல்லோரையும் பார்த்துவிட்டோம் என்று
டாக்டர் பட்டியலை மடிக்கிறார்.

நான் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து வருகிறேன்.
ஒரே ஒரு நீலம் வாங்கிவிட்டு
அப்புறம் வராதவர்கள்
நாற்பத்தொரு பேர்.